காதுக்குள் இரண்டு வேலை

காது கேட்பதற்கு மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். தலைச்சுமையோடு வரப்பில் விழாமல் நடப்பதற்கும் காதின் துணை வேண்டும். இவ்விரு வேலைகளையும் செய்வது மண்டையோட்டு எலும்புக்குள் பதிந்திருக்கும் உட்காது.

சத்தம் செவிப்பறையை அதிரச் செய்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட குழாயொன்று உண்டு. அதிலுள்ள நீர் அசையும்போது, மயிர் போன்ற இழைகளைக் கொண்ட ஏறத்தாழ 15,000 நுண்ணிய கலங்கள் அதை உணர்ந்து நரம்பு வழியே மூளைக்கு அறிவிக்கின்றன.

செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஆறும். ஆறாவிடில் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் இந்தக் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 2009இல் முடிவடைந்த போரில் ஷெல் வெடிப்புக்கு அருகே அகப்பட்டவர்களுக்கு இவ்விரு பாதிப்புகளும் நேர்ந்திருக்கலாம். "சத்தம் கேட்குது, சொல்லுறது விளங்கேல்லை" என்பவர் கவனமில்லாதவர் அல்லர். அவருடைய உட்காது பழுதடைந்திருக்கலாம். காதில் கருவி பொருத்துவது அவருக்கு உதவக்கூடும்.

உட்காதின் மற்றொரு பகுதியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தண்ணீர் வாளியைச் சட்டென்று திருப்பினால் உள்ளிருக்கும் நீர் சற்றுப் பிந்தியே திரும்பும். அதுபோலத் தலை திரும்பும்போது இக்குழாய்களின் நீர் பிந்துவதால், எப்பக்கம் திரும்பினோம் என்பதை மூளை அறிகிறது. பக்கத்திலுள்ள இரு பைகளில் சுண்ணாம்புத் துணிக்கைகள் உள்ளன. தலை சாய்வதை அவை உணர்த்துகின்றன.

அத்துணிக்கைகள் இடம்மாறிக் குழாய்க்குள் புகுந்தால், படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதைப் பித்தம் என்று விட்டுவிடுகிறோம். வைத்தியர் தலையை முறைப்படி திருப்பி, பலருக்கு மருந்தில்லாமலே குணமாக்கிவிடுகிறார்.

உட்காது பழுதானால் பகலில் கண் ஓரளவு கைகொடுக்கும். இருட்டில் அந்த உதவியும் இல்லை. கட்டில்லாத கிணற்றடிக்கு அப்படிப்பட்டவரை இரவில் தனியே அனுப்பாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. காதுக்குள் எண்ணெயோ மூலிகைச் சாறோ விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே போய்விடும்.

2. சூடடிக்கும் இயந்திரத்தின் அருகே குரலை உயர்த்தித்தான் கதைக்க முடிகிறதென்றால், அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. காதடைப்பான் அணியுங்கள், சிறுவரைத் தூர நிறுத்துங்கள்.

3. திடீரென்று ஒரு காது கேளாமற்போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நாட்கள் கடந்தால் சிகிச்சை பலனளிப்பது குறையும்.

கூடிக் கதைப்போம்:

அ) கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்கியிருக்கிறோமா? அப்பிள்ளையின் காதைச் சோதிப்பித்தோமா?

ஆ) நமது குடியிருப்பில் கட்டில்லாத கிணறுகள் எத்தனை? முதலில் எதற்குக் கட்டுக் கட்டலாம்?