பக்கத்து பேஸ் தானாக வரலாம், தானாக மாறக்கூடாது

திருச்சி அருகே முக்கொம்பில் தொடங்கி கல்லணை வரை காவிரி, கொள்ளிடம் இரண்டின் கரையோரமாக அளந்துகொண்டு போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள வேலை. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. ஒரு கரையை முடித்துவிட்டு மறுநாள் அடுத்த கரை என்றுதான் எடுக்க முடியும். இப்படிப்பட்ட வேலையில் ரோவரை (கையோடு எடுத்துச் செல்லும் செயற்கைக்கோள் அளவைக் கருவியை) மொபைல் நெட்டில் இணைத்து, பக்கத்தில் எந்த பேஸ் (இடம் தெரிந்த புள்ளியில் நின்று திருத்தம் அனுப்பும் நிலையம்) இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை அமைப்பவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வேலை தொடங்கும்போது பேஸைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வேலை நடுவில் பேஸை மாற்றுவது இன்னொன்று. முதலாவதைக் கருவியிடம் விடலாம், விடவும் வேண்டும். இரண்டாவதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா அமைப்பும் இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகவே.

பேஸ் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும்? பேஸும் ரோவரும் ஒரே காற்றுமண்டலத்தின் வழியாகச் செயற்கைக்கோளைப் பார்க்கின்றன என்ற அனுமானத்தில்தான், பேஸின் திருத்தத்தால் ரோவரின் நிலையை உடனுக்குடன் சரிசெய்யும் ஆர்.டி.கே. முறையே நிற்கிறது. தூரம் கூடக்கூட அந்த அனுமானம் தளர்கிறது. கருவி விற்பவர்கள் தரும் கணக்கு பொதுவாக 1 சென்டிமீட்டரும், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 மில்லிமீட்டரும். 10 கிலோமீட்டர் தூரத்து பேஸ் என்றால் 2 சென்டிமீட்டர். 40 கிலோமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர். உயரத்தில் இது இன்னும் மோசமாகும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வயல் வரப்புக்கு இது பெரிதில்லை. ஆற்றுப்படுகையின் மட்டம் எடுப்பவருக்குப் பெரிது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்ட பிறகு, அணைக்குக் கீழே படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது இந்த வட்டாரத்தில் யாரும் அலட்சியமாகக் கேட்கும் கேள்வியாக இல்லை. மூன்று நான்கு சென்டிமீட்டர் பிழை உள்ள இரண்டு அளவைகளை ஒப்பிட்டு, படுகை இறங்கியது என்றோ இறங்கவில்லை என்றோ சொல்லிவிடக் கூடாது.

இனி அமைப்புக்கு வருவோம். கணக்கு, கடவுச்சொல், சர்வர் முகவரி, போர்ட் எண் (பெரும்பாலும் 2101) எல்லாம் திருத்தச் சேவை தருபவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் (நிரந்தர பேஸ் நிலையங்களின்) வலையமைப்பு என்றால் அதன் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு கணக்கை இரண்டு ரோவரில் போடாதீர்கள். ஒன்று இணையும்போது மற்றது அறுந்துபோவது சகஜம்.

இணைந்ததும் மவுண்ட் பாயிண்ட் (சர்வரில் ஒவ்வொரு திருத்த ஓடைக்கும் உள்ள பெயர்) பட்டியலை இறக்கிப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் பெயரைப் பார்த்து ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பெயருக்குப் பின்னால் செய்தியின் வடிவம், அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு 0 அல்லது 1 என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண் 1 என்றால் ரோவர் தன் இடத்தைச் சொன்னால்தான் சர்வர் திருத்தம் அனுப்பும். இரண்டாவது எண் 0 என்றால் திருத்தம் ஒரே நிலையத்திலிருந்து வருகிறது. 1 என்றால் பல நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிட்டது. நமக்கு வேண்டியது முதலாவது 1, இரண்டாவது 0. நியர், நியரஸ்ட் போன்ற பெயரில் அது இருக்கும். பிரான்ஸின் சென்டிபீட் என்ற திறந்த வலையமைப்பிலும் இதே வேலைக்கு நியர் என்ற பெயர்தான். பட்டியலில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகையை பேஸின் உண்மையான ஆயத்தொலைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமாக இரண்டு தசம இடம்தான் இருக்கும். அது ஒரு கிலோமீட்டர் வரை தள்ளியிருக்கலாம். பேஸைத் தேர்ந்தெடுக்க அது போதும், வேறு எதற்கும் போதாது.

இதுவரை யாரும் இடறுவதில்லை. இடறுவது அடுத்த படியில்: ரோவர் தன் இடத்தைச் சர்வருக்குச் சொல்வது. ஜி.ஜி.ஏ. எனப்படும் ஒரு வரியை ரோவர் அனுப்புகிறது. அதில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, நிலைத் தரம், உயரம் எல்லாம் இருக்கும். சர்வர் அதைப் படித்துத்தான் பக்கத்து பேஸைக் கண்டுபிடிக்கிறது. செயலியில் ஜி.ஜி.ஏ. அனுப்பும் அமைப்பு அணைந்திருந்தால் திரையில் இணைப்பு கிடைத்ததாகப் பச்சை விளக்கு எரியும், ஆனால் ஒரு பைட்கூட வராது. ஆட்கள் உடனே சிம்மை மாற்றுவார்கள், ஆண்டெனாவைத் திருப்புவார்கள், சேவை தருபவரைத் திட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது இறங்கும் பைட் எண்ணிக்கையை. அது பூஜ்யத்திலேயே நின்றால் ஜி.ஜி.ஏ. போகவில்லை என்று பொருள் கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை அதுதான்.

அதைவிடக் கெட்டது, ஜி.ஜி.ஏ. போகிறது, ஆனால் தவறாகப் போகிறது என்பது. ரோவரை இயக்கிய உடனே இணைத்தால், திருத்தமில்லாத சாதாரண நிலையே இன்னும் கிடைக்காத நேரத்தில் வெற்று வரி போகும். சில சர்வர்கள் இணைப்பைத் துண்டிக்கும், சில தம் விருப்பத்துக்கு ஏதோ ஒரு பேஸைக் கொடுக்கும். ஆகவே சாதாரண நிலை வந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் இணைக்க வேண்டும். இன்னொரு வகைத் தவறு, இடத்தைக் கையால் தட்டச்சு செய்யும் செயலிகளில் வருகிறது. முந்தைய வேலையில் போட்ட சென்னை ஆயத்தொலைவு அப்படியே தங்கியிருக்கும். அல்லது வடிவம் குழம்பும். முக்கொம்பு இருப்பது சுமார் 10 டிகிரி 53 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 35 நிமிடம் கிழக்கு. தசம டிகிரி கேட்கும் கட்டத்தில் இதை 10.53, 78.35 என்று போட்டால், ரோவர் மணப்பாறைக்கு அப்பால், சுமார் 46 கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகச் சர்வர் நம்பும். சரியான எண் 10.88, 78.58. இந்தத் தவறின் ஆபத்து என்னவென்றால் ரோவர் எதுவும் முறையிடாது. தவறான பேஸிலிருந்தும் திருத்தம் வரும், சற்றுத் தாமதமாக ஃபிக்ஸும் (சென்டிமீட்டர் அளவில் உறுதியான தீர்வும்) கிடைக்கும், அளவும் பதியும். ஆகவே கையால் இடம் போடும் வசதியை அணைத்துவிட்டு, ரிசீவர் தரும் நிலையையே அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசியின் சொந்த ஜி.பி.எஸ். நிலையை அனுப்பும் செயலியும் உண்டு. பேஸைத் தேர அது போதுமானது என்றாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் கைப்பேசி ஜீப்பிலும் ரோவர் படகிலும் இருக்கும் நாள் வரும். ஆர்.டி.கே.லிப் போன்ற திறந்த மென்பொருளில் ஜி.ஜி.ஏ. அனுப்புவதை நீங்களே அமைப்பில் எழுதிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

திருத்தம் வரத் தொடங்கியதும் இரண்டைப் பாருங்கள்: நிலையத்தின் அடையாள எண், பேஸுக்கும் ரோவருக்கும் உள்ள தூரம். இந்தத் தூரம் பேஸ் தன் ஆயத்தொலைவை அறிவிக்கும் 1005 அல்லது 1006 செய்தியிலிருந்து வருகிறது, பட்டியலிலிருந்து அல்ல. எதிர்பார்த்த தூரம் 20 கிலோமீட்டர், திரையில் 60 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபிக்ஸ் என்ற சொல்லை நம்பி மேலே போகாதீர்கள். ரோவர் தன் கணக்குக்குள் ஒத்துப்போகிறது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. எந்த பேஸோடு ஒத்துப்போகிறது, அந்த பேஸ் எந்த ஆயத்தொலைவுச் சட்டகத்தில் இருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை.

இங்கேதான் தானாக மாறக்கூடாது என்ற என் வாதம் வருகிறது. முக்கொம்புக்கு மேற்கே ஒரு பேஸும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேஸும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சமதூரமான கோடு ஸ்ரீரங்கம் தீவை எங்கோ குறுக்கே வெட்டும். அந்தக் கோட்டை ரோவர் தாண்டும் கணத்தில் சர்வர் பேஸை மாற்றிவிடும். அது நிகழும் இடம் உங்களுக்குத் தெரியாது. ஒரே குறுக்குவெட்டில் தென்கரை ஒரு பேஸிலும் வடகரை இன்னொரு பேஸிலும் அமையக்கூடும். கோட்டின் மேலேயே நின்று வேலை செய்தால் முன்னும் பின்னும் பலமுறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ரோவர் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, ஃப்ளோட்டுக்கு (உறுதியாகாத தீர்வுக்கு) இறங்கி, மீண்டும் ஃபிக்ஸுக்கு ஏறும். நேரம் போவது ஒரு பக்கம். இரண்டு பேஸின் ஆயத்தொலைவுகளும் சென்டிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போகாவிட்டால் அளவையில் ஒரு படி விழும், அது படுகையின் படி போலவே வரைபடத்தில் தெரியும்.

ஒத்துப்போகாமல் இருக்க வலுவான காரணமும் உண்டு. இந்திய நிலத்தட்டு உலகச் சட்டகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. ஒரு வலையமைப்பு 10 ஆண்டுக்கு முந்தைய தேதிக்கான ஆயத்தொலைவையும் இன்னொன்று இன்றைய தேதிக்கானதையும் வைத்திருந்தால், இரண்டும் தத்தம் அளவில் சரியாக இருந்தும் அரை மீட்டர் வித்தியாசம் வரும். ஆகவே முதல் விதி: பக்கத்து பேஸைத் தேடும் வட்டத்துக்குள் ஒரே வலையமைப்பின் நிலையங்கள் மட்டுமே இருக்க வேண்டும். அரசு நிலையத்தையும் தனியார் போட்ட நிலையத்தையும் ஒரே பட்டியலில் கலந்து, எது பக்கமோ அது வரட்டும் என்று விடுவதை நான் எந்த வேலைக்கும் ஏற்கமாட்டேன்.

நியர் வசதி இல்லாத வலையமைப்பில் சிறு நிரல் ஒன்றை எழுதி நீங்களே இதைச் செய்துகொள்ளலாம். பட்டியலை இறக்கு, நீங்கள் அனுமதித்த நிலையங்களை மட்டும் வைத்துக்கொள், ரோவரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரம் கணக்கிடு, குறைந்ததைத் திற. கோள வடிவச் சூத்திரம் போதும். இதில் ஒரு வரியை மட்டும் கட்டாயம் சேருங்கள்: ஒருமுறை பிடித்த பேஸை, வேலைக் கோப்பு மூடப்படும் வரை, அல்லது திருத்தம் முழுதாக 2 நிமிடம் நின்றுபோகும் வரை, விடக்கூடாது; நின்றுபோனாலும் உங்களைக் கேட்காமல் அடுத்ததற்கு மாறக்கூடாது. பிறர் நடத்தும் நியர் சேவையில் இப்படிப் பூட்ட முடியாவிட்டால், முதலில் நியரில் இணைந்து எந்த நிலையம் வந்தது என்று பார்த்துவிட்டு, அதன் பெயரிலேயே உள்ள மவுண்ட் பாயிண்டுக்கு மாறி வேலையைத் தொடங்குங்கள். அரை நிமிட வேலை.

அப்படியானால் தானியங்கித் தேர்வு எதற்கு, முதலிலேயே கையால் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்கலாம். ஆள் களைத்திருக்கும் காலையில் நேற்றைய பேஸையே தொட்டுவிடுவான். நிலையத்தின் பெயரை வைத்து ஊரை ஊகிப்பான். ஒரு நிலையம் மின்சாரம் போய் நின்றிருந்தால் அடுத்தது எது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். இந்த மூன்று தவறும் கருவிக்கு வராது. பல நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிடும் வி.ஆர்.எஸ். இருக்கும்போது ஒற்றை பேஸ் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நிலையங்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் வி.ஆர்.எஸ். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது காற்றுமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தின் பாதிப்பை நிலையங்களுக்கு நடுவே ஊகித்து நிரப்புகிறது. புவிகாந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலியில் அயனமண்டலத்தை ஆராயும் ஆய்வகம் இயங்குகிறது. திருச்சி அந்தக் கோட்டுக்கு வெகு அருகில். பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், பொழுது சாய்ந்த பிறகு இங்கே அயனமண்டலம் திட்டுத்திட்டாகக் கலங்குகிறது. அந்த நேரத்தில் ஊகமும் தவறும், தூரத்து பேஸும் தவறும். ஒற்றை பேஸ் என்றால் பிழை எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் பார்க்கவாவது முடியும். எப்படியானாலும் சூரியன் மறைவதற்குள் அளவையை முடித்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு ஒன்றை மட்டும், 3, 4 கிலோமீட்டருக்குள், அளப்பதானால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். தெரிந்த புள்ளியின் மேல் சொந்த பேஸை நிறுத்துங்கள், அதுவே சிறந்தது. கரையோரம் நீண்டு போகும் வேலைக்குத்தான் இந்த ஏற்பாடு.

நீண்ட வேலையில் பேஸை மாற்றியே ஆக வேண்டிய இடம் வரும். அதை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துவிடுங்கள், குறுக்குவெட்டின் நடுவில் விழாதபடி. அந்த இடத்தில் கான்கிரீட் தரையில் இரண்டு ஆணி அடித்து, பழைய பேஸில் ஒருமுறை, புதிய பேஸில் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். கிடையில் 2, உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேலே போகக்கூடாது. 1802இல் பரங்கிமலை அடிக்கோட்டிலிருந்து முக்கோண அளவையைத் தொடங்கிய நில அளவையாளர் லாம்டன், காவிரிச் சமவெளியில் குன்று கிடைக்காமல் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்; எந்தக் கோணம் எந்த நிலையத்திலிருந்து என்ற பதிவு இல்லாமல் அந்த வேலை ஓர் அடி நகர்ந்திருக்காது. உங்கள் கோப்பிலும் ஒவ்வொரு புள்ளியின் பக்கத்தில் பேஸின் அடையாள எண், தூரம், திருத்தத்தின் வயது மூன்றும் தானாகப் பதியும்படி வையுங்கள். பெரும்பாலான செயலிகளில் இதற்கான கட்டம் அணைந்தே வருகிறது.

உயரத்தை ஒப்படைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிசீவரின் அடிப்படை உயரம் நீள்வட்டகத்திலிருந்து (பூமியின் கணித வடிவத்திலிருந்து) எடுத்தது. பொதுப்பணித் துறையின் பழைய வரைபடங்கள் கடல்மட்டத்திலிருந்து எடுத்தவை. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் இடையே 90 மீட்டரை ஒட்டிய வித்தியாசம் உண்டு, அதுவும் ரிசீவரின் உயரம் குறைவாக வரும் திசையில். திருச்சியில் நிற்கும் ரோவர் எதிர்மறை உயரம் காட்டினால் பயப்பட வேண்டாம். எந்த ஜியாய்டு (கடல்மட்ட வடிவ) மாதிரியைக் கொண்டு மாற்றினீர்கள் என்பதைக் கோப்பின் தலைப்பில் எழுதி, அருகிலுள்ள மட்டக்குறி ஒன்றில் அளந்த உயரத்தையும் அதன் பதிவேட்டு உயரத்தையும் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள்.