சகதியில் சுழன்ற சக்கரம்

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். "பழைய ஸ்லாஷ் டிரக் ஒன்று வாங்கிட்டேன் மாமா, ரேஸில் இறங்கணும், முதலில் எந்த மோட்டார் மாற்றட்டும்?" என்றாய். எதையும் மாற்றாதே என்று சொல்லிவிட்டு நான் வேலைக்கு ஓடினேன். உனக்கு அது சப்பென்று இருந்திருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை, மேசையில் என் பழைய டிரக் பிரிந்து கிடக்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், நீ வாங்கியது நல்ல ரிமோட் வண்டி. டிராக்ஸஸ் நிறுவனம் அதை 2008-ல் கொண்டுவந்தபோது, பாலைவனத்திலும் மண் வளையங்களிலும் பாயும் நிஜ டிரக்குகளின் சாயலில் அகலமான கூட்டைப் போட்டார்கள். அந்தக் கூடு நான்கு சக்கரங்களையும் மூடியிருப்பதுதான் புதிதாக வருகிறவருக்குக் காப்பு. பக்கத்து வண்டி உரசினால் கூடும் கூடும் மோதிக்கொண்டு போய்விடும். சக்கரம் வெளியே தெரியும் ஸ்டேடியம் டிரக்கில் சக்கரத்தின் மேல் சக்கரம் ஏறி, வண்டி கரணம் அடிக்கும். முதல் வருடம் நீ நிறைய உரசுவாய். அதற்கு ஏற்ற வண்டிதான் உன்னிடம் இருக்கிறது.

நீ படிக்கப் போயிருக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவும் இந்த விளையாட்டுக்குச் சாதாரண இடமில்லை. டீம் அசோசியேட்டட் 1984-ல் ஆர்.சி.10 என்ற வண்டியைச் செய்தது அங்கேதான். அடுத்த வருடமே 1:10 அளவு மண் வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி டெல் மாரில் நடந்தது. இருசக்கர இழுவைப் பிரிவில் ஜே ஹால்சி ஜெயித்தது அந்த ஆர்.சி.10-ஐ வைத்துத்தான். ஒரு நாள் அந்தப் பக்கம் போனால் நினைத்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மோட்டாரைத் தொடாதே என்று ஏன் சொன்னேன் என்றால், மோட்டார் கொடுக்கும் பலம் மண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் இரண்டாகப் பிரிகிறது. திருப்பத்தில் உன் வண்டி என்ன செய்யும் என்பதை அந்தப் பெட்டி பாதி தீர்மானித்துவிடுகிறது. அதன் பெயர் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். அதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய மோட்டார் போட்டால் அடங்காத வண்டிதான் கிடைக்கும்.

எனக்கு அதைப் புரிய வைத்தவர் உன் தாத்தா. நாமக்கல்லில் எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போன நம் லாரி, ஐப்பசி மழையில் பண்ணைப் பாதையில் மாட்டிக்கொண்டது. வலது பின்சக்கரம் சகதியில் கிறுகிறுவென்று சுழல்கிறது. இடது சக்கரம் கெட்டித் தரையில்தான் நிற்கிறது, ஆனால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. கிளீனர் கல்லும் சாக்கும் கொண்டுவந்து, சுழல்கிற சக்கரத்துக்கு அடியில் திணித்தார். நின்றுபோன சக்கரத்துக்கு அல்லவா உதவி வேண்டும், சுழல்கிறதற்கு எதற்குக் கல் என்று எனக்குக் குழப்பம். சில மாதம் கழித்து ஷெட்டில் அதே லாரியின் கிரவுனை, அதாவது டிஃபை, பிரித்தபோது தாத்தா என்னை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் இது சமமாத்தான்டா குடுக்கும். ஒருத்தன் வாங்க மாட்டேன்னா, இன்னொருத்தனுக்கும் கிடையாது" என்றார்.

சகதியில் சுழலும் சக்கரம் எதையும் எதிர்த்துத் தள்ளுவதில்லை. அதற்குத் தேவைப்படும் முறுக்கு விசை மிகக் குறைவு. டிஃப் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பங்கு வைக்கும் என்பதால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே குறைவுதான் போய்ச் சேரும். கல்லைத் திணித்துச் சுழலும் சக்கரத்துக்குப் பிடிப்பு கொடுத்த பிறகுதான் மற்றதற்கும் பலம் வந்து லாரி நகர்ந்தது. உன் டிரக் திருப்பத்தில் வேகமாகச் சாயும்போது உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அந்த நொடியில் அது சகதியில் சிக்கிய சக்கரம்தான். மோட்டார் அலறும், வண்டி போகாது.

அப்படியானால் டிஃப் எதற்கு, இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிடலாமே என்று கேட்பாய். மாட்டுவண்டியில் இந்தச் சிக்கல் கிடையாது. அச்சு நிலையாக இருக்கும், சக்கரங்கள் கடையாணிக்குள் தன்போக்கில் சுற்றும், இழுப்பது மாடு. சக்கரத்தையே இன்ஜின் தள்ள வேண்டும் என்று வந்த பிறகுதான் தொல்லை. ஒரு கணக்கைப் பார். உன் டிரக்கின் பின்சக்கரங்களுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 25 செ.மீ. என்று வை. வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசைக்கு வரும் கொண்டை ஊசி வளைவில், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 78 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சின்னதா பெரியதா என்பது பொருட்டே இல்லை. அரை வட்டம் திரும்பினால் வித்தியாசம் அதே 78 தான். டயரின் சுற்றளவு 34 செ.மீ. போல இருக்கும். ஆக ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இறுக்கிய அச்சில் அது முடியாது. ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும், வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். நீராவி வண்டிக்காக 1827-ல் பிரான்சில் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமை வாங்கிய ஒனேசிஃபோர் பெக்கோர் ஒரு கடிகாரக்காரர். சின்னப் பல்சக்கரங்களோடு பழகிய கை என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது வண்டியைக் கையில் எடு. மோட்டாரோடு சேர்ந்த பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்று. மற்றது அதே அளவு பின்னோக்கிச் சுற்றும். புத்தகம் படிப்பதற்கு முன் இதைப் பத்து தடவை செய். எவ்வளவு எதிர்ப்பு தெரிகிறது என்று விரல் சொல்லும். அந்த எதிர்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் டிஃபைச் சரிசெய்வது என்பது. அதற்கு மேல் ரகசியம் ஒன்றும் இல்லை.

உன் வண்டியில் இருப்பது பல்சக்கர டிஃப். டிஃபின் பெட்டியைத் திறந்தால் இரண்டு பக்கமும் பெரிய பல்சக்கரம், நடுவில் நம் ஊர் ஷெட்டில் ஸ்டார் பினியன் என்கிற சின்னவை. இவை புரளும் இடத்தில் சிலிக்கான் எண்ணெய் ஊற்றுவோம். எண்ணெய் கெட்டியாக இருந்தால் பினியன்கள் புரளச் சிரமப்படும். ஒரு சக்கரம் தனியாகச் சுழன்று ஓடிவிடாமல் எண்ணெய் பிடித்து நிறுத்தும். கிளீனர் திணித்த கல்லின் வேலையை எண்ணெய் செய்கிறது. பாட்டிலில் கெட்டித்தன்மைக்கான எண் போட்டிருக்கும். உனக்குப் பழக்கமான அளவில் சொல்கிறேன்: குளிர்ந்த அறையில் தண்ணீர் 1, விளக்கெண்ணெய் 1,000-ஐ ஒட்டி. டிஃபுக்கு ஊற்றுவது 1,000-லிருந்து லட்சக்கணக்கு வரை கிடைக்கும். மேல்முனையில் அது எண்ணெயே இல்லை, பிசின். சிலிக்கானை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், சூடேறினாலும் மற்ற எண்ணெய்களைப் போலச் சட்டென்று இளகிவிடாது.

உன் ஊர் ட்ராக் புழுதி மண் என்றாய். 10,000-ல் தொடங்கு. திருப்பத்தில் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது, முடுக்கியதும் வால் திடீரென்று வீசுகிறது என்றால் எண்ணெய் உனக்குக் கெட்டி, 5,000-க்கு இறங்கு. உள்சக்கரம் மட்டும் சுழன்று வண்டி சோம்பலாக வெளியேறுகிறது என்றால் மேலே போ. களிமண் இறுகி டயர் பிடிக்கும் ட்ராக்கில் கெட்டியும் தாங்கும், புழுதியில் இளகல்தான் மன்னிக்கும். ஊற்றும்போது பினியன்கள் மூழ்கினால் போதும், விளிம்புவரை நிரப்பாதே. சூட்டில் விரிந்து கசியும். குமிழி மேலே வரக் காத்திரு. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை, அதனால்தான் பாதிப் பேருக்கு டிஃப் ஒழுகுகிறது.

பழைய ஸ்டேடியம் டிரக்குகளில் வேறு வகை: பந்து டிஃப். இரண்டு உருக்கு வளையங்களுக்கு நடுவே பொடிப் பொடியான கடின உலோகக் குண்டுகள். வளையங்கள் குண்டுகளை அழுத்தும் அழுத்தத்தில்தான் பலம் கடக்கிறது. என் முதல் போட்டியில் அதன் திருகைத் தளர்வாக விட்டிருந்தேன். அப்படி விட்டால் வண்டி மிருதுவாகத் திரும்பும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. குண்டுகள் உருளாமல் வளையத்தில் வழுக்கின. வீட்டில் பிரித்தபோது வளையத்தில் நகத்தால் தொட்டறியும் அளவு பள்ளம். ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய டிரக். அன்று எனக்கு வந்த துக்கம் பெரியது. மோட்டார் வேகமாக எழும்போது முதலில் வழுக்க வேண்டியது மோட்டாருக்கும் டிஃபுக்கும் இடையே இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், டிஃப் அல்ல என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வகை என்றைக்காவது உன் கைக்கு வந்தால், முதலில் டிஃபைச் சரியாக இறுக்கு, பிறகு ஸ்லிப்பரை அதைவிடத் தளர்த்து. வரிசையை மாற்றாதே.

நான்கு சக்கர இழுவையில் முன்னும் பின்னும் டிஃப், சிலவற்றில் நடுவிலும் ஒன்று. அதை இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது: டிஃபைவிட டயர் பெரிது. ட்ராக்கில் வேகமாக ஓட்டுகிறவர் என்ன டயர் போடுகிறார் என்று தயங்காமல் கேள், அதையே போடு. பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். டயர் சரியாகாமல் எண்ணெயை மாற்றிக்கொண்டிருந்தால் எதனால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாமலே போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். தேதி, மண் ஈரமா காய்ந்ததா, என்ன எண்ணெய், வண்டி என்ன செய்தது, நான்கும் ஒரு நோட்டில்.

ஓட்டும் நாளைப் பற்றி. வண்டி உன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். காலி மைதானத்தில் எட்டு போட்டுப் போட்டு, யோசிக்காமல் விரல் திரும்பும்வரை பழகு. உன் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நின்று கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்த வேண்டும். அதைக் கடமைக்குச் செய்யாதே. மற்றவர் எந்த இடத்தில் எப்படிக் கவிழ்கிறார்கள் என்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். முன்னணியில் இருப்பவர் உன்னைச் சுற்றுக் கடந்து போக வந்தால் வழிவிடு. வேகத்தை நினைத்துத் தவிக்காதே. 25 நொடியில் ஒரு சுற்று போகிறவர் நான்கு தடவை கவிழ்ந்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி இழந்தால், 12 சுற்றுக்கு 332 நொடி. கவிழாமல் 27 நொடியில் போகிறவருக்கு 324. நீ அந்த இரண்டாவது ஆளாக இரு.

லிப்போ பேட்டரியில் மட்டும் நான் கண்டிப்பானவன். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 4.2-க்கு மேல் ஏறக் கூடாது, வாரக்கணக்கில் சும்மா வைத்தால் 3.8-ல் வை. ஹாஸ்டல் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினாய் என்று தெரிந்தால் உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

வரும் சனிக்கிழமை காலை அங்கு வருகிறேன். அதற்குள் பின் டிஃபைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் வரிசையாகப் பரப்பி வை. கழற்றிய வரிசையைப் படம் எடுத்துக்கொள். பழைய எண்ணெய் என்ன நிறத்தில் வந்தது, அதில் உலோகப் பொடி மின்னுகிறதா, எந்தப் பினியனின் பல் மழுங்கியிருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுது. புதிய கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் நீ வாங்கிவிடு. 10,000 எண்ணெய் என்னிடம் பிரிக்காத பாட்டில் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

உன் மாமா