டிசம்பர் 25 யாருடைய நாள்?

அன்பு மகளே,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நிதானமாகப் படித்தேன். டிசம்பர் 25 சூரிய தேவனின் பிறந்தநாளாம். கிறிஸ்துமஸ் மரம் பாபிலோன் அரசன் நிம்ரோதுக்கு வைத்ததாம். பரிசு கொடுப்பது ரோமர்களின் குடிக்கூத்துத் திருவிழாவிலிருந்து வந்ததாம். உன் தோழி போகும் சபையில் இதனாலேயே கிறிஸ்துமஸ் ஆராதனை கிடையாது என்றும் எழுதியிருக்கிறாய். "இதெல்லாம் உண்மையென்றால் நாம் கொண்டாடலாமா பெரியம்மா?" என்று நீ கேட்ட விதத்திலேயே உன் மனக்கலக்கம் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுவிசேஷங்களில் தேதி கிடையாது. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்கள், நாளைச் சொல்லவில்லை. மாற்கும் யோவானும் பிறப்புச் சம்பவத்தையே எழுதவில்லை. கி.பி. 200ஐ ஒட்டி, அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து அன்று சிலர் சொல்லிவந்த தேதிகளைக் குறித்துவைக்கிறார். அவற்றில் மே மாதத் தேதி உண்டு, ஏப்ரல் தேதி உண்டு. டிசம்பர் 25 இல்லை. அவருக்குப் பின் வந்த ஓரிகனோ பிறந்தநாள் கொண்டாடுவதையே கண்டித்தார். வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும்தானே என்பது அவருடைய வாதம். ஆகவே இந்தத் தேதி அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே.

டிசம்பர் 25க்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சியம் ரோம் நகரத்து ஏடு ஒன்று. 354ஆம் ஆண்டுக்காக பிலோகாலுஸ் என்ற எழுத்துக்கலைஞர், வாலெந்தினுஸ் என்ற கிறிஸ்தவருக்குத் தயாரித்துக் கொடுத்தது. மூல ஏடு அழிந்துபோய்விட்டது. பிரதியைப் பார்த்து எடுத்த பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் நகரத்துத் திருவிழாக்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. டிசம்பர் 25க்கு நேரே, வெல்லப்படாதவனின் பிறந்தநாள், தேரோட்டப் பந்தயம் 30 என்று சுருக்கெழுத்தில் ஒரே வரி. வெல்லப்படாதவன் என்பது சூரியனுக்கு ரோமர் தந்த பட்டம். அதே ஏட்டைப் புரட்டிக்கொண்டே போனால் இரத்தசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியல் தொடங்குவதே டிசம்பர் 25இல்தான். கிறிஸ்து பெத்லெகேமில் பிறந்த நாள் என்று குறித்திருக்கிறது. ஒரே ஏடு, ஒரே தேதி, இரண்டு பிறந்தநாள்.

உனக்கு வந்த செய்தி இதைச் 'சபை திருடிவிட்டது' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேரரசன் அவுரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டியது உண்மை. ஆனால் டிசம்பர் 25இல் சூரியனுக்கு விழா எடுத்ததற்குக் கிடைக்கும் முதல் எழுத்து ஆதாரம் இந்த 354ஆம் ஆண்டு ஏடுதான். இரத்தசாட்சிகளின் பட்டியலோ அதைவிடப் பழையது, 336இல் தொகுத்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனி. அதே ஏட்டில் அக்டோபர் மாதமும் சூரியனுக்கு விழா இருக்கிறது. அதற்குத் தேரோட்டம் 36. சூரியனுடைய பெரிய நாளைப் பறிப்பதுதான் நோக்கம் என்றால் டிசம்பரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வேறொரு விளக்கமும் உண்டு. லூயி துஷேன் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1889இல் முன்வைத்தது. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25இல் என்று மேற்கத்திய சபையில் பலர் கணக்கிட்டிருந்தார்கள். கருவில் உருவான நாளும் மரித்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கையும் இருந்தது. அகுஸ்தீன் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மார்ச் 25உடன் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் மரித்த நாளை ஏப்ரல் 6 என்று கொண்டார்கள். அதற்கு ஒன்பது மாதம் கழித்து வருவது ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அன்றுதான் பிறப்பைக் கொண்டாடுகிறது. இரண்டு தேதிக்கும் ஒரே கணக்கு பொருந்துவதால் எனக்கு இந்த விளக்கத்தின் மேல் பிடிமானம் அதிகம்.

அதற்காகச் சூரியனுக்கும் இந்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிக்கவும் முடியாது. ரோமர் வழக்கில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 25. அதற்குப் பிறகு வெளிச்சம் வளரும். கிறிஸ்துவை நீதியின் சூரியன் என்று பிரசங்கித்தவர்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்! ஐந்தாம் நூற்றாண்டின் நடுவிலும், பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் உள்ளே நுழையும் முன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனை வணங்கினார்கள் என்று போப் லியோ தம் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் கடிந்துகொள்கிறார். மனிதர்கள் பழசை ஒரே நாளில் விட்டுவிடுவதில்லை, மகளே.

பரிசும் விருந்தும் என்றால் செய்தி சொல்வதில் உண்மை இருக்கிறது. டிசம்பர் 17இல் தொடங்கும் சாட்டர்னாலியா ரோமர்களுக்குப் பிரியமான திருவிழா. மெழுகுவர்த்திகளையும் சிறு மண்பொம்மைகளையும் ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். சூதாட்டத்துக்கு அன்று தடை இல்லை. அடிமைகள் பந்தியில் உட்கார, எஜமான்கள் பரிமாறுவார்கள். 200ஐ ஒட்டி கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களே இந்த விழாவில் கலந்துகொண்டு பரிசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கொதித்து எழுதினார். வாசலில் விளக்கும் தழையும் கட்டுவதில் அந்நிய தெய்வத்தாரையே நம்மவர்கள் மிஞ்சிவிட்டார்கள் என்பதும் அவருடைய ஆதங்கம். அப்போது சபையில் கிறிஸ்துமஸ் என்ற பண்டிகையே இல்லை என்பதை மறந்துவிடாதே.

வடக்கு ஐரோப்பாவிலும் அப்படித்தான். யூல் என்ற குளிர்காலப் பண்டிகை கிறிஸ்தவத்துக்கு முந்தியது. பத்தாம் நூற்றாண்டு நார்வே அரசன் ஹாகோன் அதைக் கிறிஸ்துமஸ் நாளுக்கே நகர்த்தி, ஒவ்வொரு குடியானவனும் அதற்கென்று பீர் காய்ச்சியாக வேண்டும் என்று சட்டம் போட்டான் என்கிறது ஸ்னோரி எழுதிய அரசர் வரலாறு. பழைய வழக்கங்களைச் சபையும் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டது. 601இல் போப் கிரெகோரி இங்கிலாந்துக்குப் போன மெல்லிதுஸுக்கு எழுதிய கடிதம் நம் கைக்கு வந்திருக்கிறது. விக்கிரகங்களை உடையுங்கள், கோயில்களை இடிக்காதீர்கள். அவர்கள் மாடு பலியிட்டு உண்ணும் நாட்களில் ஆலயத்தைச் சுற்றித் தழைப்பந்தல் போட்டு, அதே மாட்டைக் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும் என்று அதில் வழிகாட்டுகிறார். எனக்கு அதில் தந்திரத்தைவிட மனிதப் பரிவே அதிகம் தெரிகிறது.

மரத்தின் கதை முற்றிலும் வேறு. எரேமியா பத்தாம் அதிகாரத்தைக் காட்டி, கிறிஸ்துமஸ் மரத்தை வேதமே தடுக்கிறது என்கிறார்கள். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பார். அங்கே காட்டிலிருந்து வெட்டிய மரத்தைத் தச்சன் விக்கிரகமாகச் செதுக்குகிறான். வெள்ளியும் பொன்னும் அந்தச் சிலைக்குப் பூசுவது. கிறிஸ்துமஸ் மரம் ரைன் நதிக்கரையின் அல்சேஸ் பகுதியில் வளர்ந்த வழக்கம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீட்டுக் கூடத்தில் ஃபிர் மரத்தை நிறுத்தி, காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், மிட்டாய் எல்லாம் தொங்கவிட்டார்கள் என்று 1605இல் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆப்பிள் ஏன் என்று யோசித்தாயா? டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று நடக்கும் நாடகத்தில் ஏதேன் தோட்டத்து மரத்தில் ஆப்பிளைக் கட்டுவார்கள். பக்கத்தில் தொங்கிய அப்பம் திருவிருந்தை நினைவூட்டியது. விழுகையும் மீட்பும் ஒரே மரத்தில்!

அப்படியானால் நிம்ரோது எங்கிருந்து வந்தான்? அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1853இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1858இல் அதைப் பெரும் புத்தகமாக்கினார். ரோமன் கத்தோலிக்க சபை பாபிலோனிய மதத்தின் மறுபிறப்பு என்று நிறுவுவதே அவருடைய நோக்கம். நிம்ரோது கதையைப் பரப்பியது அந்தப் புத்தகம்தான். நிம்ரோது டிசம்பர் 25இல் பிறந்தான் என்று எந்தப் பழைய ஏடும் சொல்லவில்லை. மித்ரா தேவன் அன்று பிறந்தான் என்று சிலர் சொல்லும் கதைக்கும் அப்படியே பழைய ஆதாரம் இல்லை.

இங்கே நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் அஞ்ஞானப் பண்டிகை என்ற குற்றச்சாட்டைப் பெரும்பாலும் எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்களே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் ஒருவர், ஜனவரி 6தான் சரியான நாள் என்ற பற்றில், மேற்கத்தியார் சூரிய விழாவுக்காகத் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று ஓரக்குறிப்பு எழுதினார். 1647இல் இங்கிலாந்தின் பியூரிட்டன் பாராளுமன்றம் பண்டிகையையே ரத்து செய்தது. அந்த டிசம்பர் 25இல் கடைகளைத் திறக்கச் சொன்னதற்குக் கேன்டர்பரி நகரில் கலகம் வெடித்தது. 1659இல் மாசசூசெட்ஸில் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொதுவிடுமுறை ஆனதே 1958இல்தான். ஆகவே உன் தோழியின் சபையாரைக் கேலி செய்யாதே. அவர்களுடைய தயக்கத்துக்கும் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. ஆதாரம் இல்லாததை ஆதாரம் என்று பரப்புவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு வழக்கம் எங்கே பிறந்தது என்பது அதற்கு இன்று என்ன பொருள் என்பதை முடிவு செய்துவிடாது. சாட்டர்னாலியாவையே எடுத்துக்கொள். அடிமைக்கு எஜமான் பரிமாறினான், ஆனால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும். விழா முடிந்தால் அடிமை மறுபடி அடிமை. லூக்கா எழுதிய பிறப்பு வரலாற்றில் பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுகிறார்கள், பசித்தவர்கள் நிரப்பப்படுகிறார்கள். செய்தி முதலில் போய்ச் சேருவது இரவுக்காவலில் இருந்த மேய்ப்பருக்கு. அது சில நாள் வேஷம் அல்ல, நிரந்தரமான வாக்கு. அந்த வாக்கை வாசித்துக்கொண்டே கிறிஸ்தவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அடிமைகளை வைத்திருந்தார்கள். தேதியையும் மரத்தையும்விட எனக்கு வலிப்பது அதுதான்.

அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற மலையூரில் முன்னணையும் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்து கிறிஸ்துமஸ் இரவை ஆசரித்தார். அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிறிஸ்துமஸ் அன்று பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவு கொடுக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் வைக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார். நீ தாராளமாகக் கொண்டாடு, மகளே; பிரான்சிஸ் விரும்பிய விதத்தில் கொண்டாடு. உன் தோழியையும் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வா. பண்டிகை வேண்டாம் என்றால் அவள் வெறும் விருந்தாளியாகவே வரட்டும்.

அன்புடன்,
பெரியம்மா