புதிதாக நட்ட ரோஜா மீண்டும் பூப்பது எவ்வாறு?

வட இந்தியச் சமவெளியில் ரோஜா நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர் மாதங்களாகும். தில்லி போன்ற இடங்களில் அந்நாட்களில் மழை ஓய்ந்து, வெயிலின் கடுமை தணிந்துவிடும். மண்ணில் சிறிது வெப்பம் எஞ்சியிருப்பதால் வேர் நன்கு வளரும். ஆயினும், நாற்றுப் பண்ணையில் மலர்ந்து நின்ற செடி, நட்ட சில நாட்களில் இலைகள் பழுத்து உதிர்ந்து, மொட்டுக்கள் தலைசாய்ந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பர். செடி பட்டுவிட்டதெனப் பிடுங்கி எறிவோரும் உண்டு. உரத்தை அள்ளி இடுவோரும் உண்டு. இரண்டும் தவறாகும்.

மண்ணிலுள்ள நீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவன சல்லிவேர்களின் நுனியை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளே. செடியைப் பெயர்த்தெடுக்கும்போது இவற்றில் பெரும்பகுதி அறுந்து போகின்றது. இலைகளோ நீரை ஆவியாக வெளிவிட்ட வண்ணமே இருக்கின்றன. வரவு குறைந்த செடி, இலைகளை உதிர்த்துத் தன் செலவையும் சுருக்கிக் கொள்கின்றது. எனவே, இலையுதிர்வு மட்டுமே சாவின் அடையாளமன்று. தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்து, உள்ளே பசுமை காணப்படின், அத்தண்டு உயிருடன் இருப்பதாகக் கொள்ளலாம்.

இந்நிலையில் இரசாயன உரம் இடுவது தீங்கு பயக்கும். உரத்தின் உப்புக்கள் கரைந்து மண்நீரின் செறிவு மிகுமாயின், வேருக்குள் நீர் புகுவது தடைப்படும். செறிவு மேலும் மிகின், வேரிலுள்ள நீரே வெளியேறிவிடும். ஈரமான மண்ணில் நின்றும் செடி வாடுவதற்கு இது ஒரு காரணமாகும். நன்கு மக்காத சாணமோ கறையானை வரவழைக்கும். நடுவதற்கு முன் குழியில் கலந்த, நன்கு மக்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் தொடக்கத்திற்குப் போதுமானவை.

நட்டவுடன் வேரைச் சுற்றியுள்ள மண்ணை இறுக்கி, குழி முழுவதும் நனையுமாறு நீர் பாய்ச்ச வேண்டும். பின்னர், மேல்மண் சுமார் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகே மறுமுறை நீர் விடுதல் நலம். நீர் தேங்கினால் காற்றோட்டமின்றி வேர் அழுகும். ஒட்டுக் கட்டிய இடத்திற்குக் கீழிருந்து கிளைப்பவை வேர்ச்செடியின் கிளைகளாகும். வட இந்தியாவில் எட்வர்டு ரோஜா வேர்ச்செடியாகப் பயன்படுவதுண்டு. இக்கிளைகளை விட்டுவைத்தால் அவை ஓங்கி, மேலுள்ள நல்ல வகையை நலியச் செய்யும். ஆதலின், தோன்றிய இடத்திலேயே அவற்றை நீக்கிவிட வேண்டும்.

நட்டபின் முதலில் தோன்றும் மொட்டுக்களைக் கிள்ளிவிடுதல் சாலச் சிறந்தது. மலருக்குச் செலவாகும் உணவு அப்போது வேருக்கும் தளிருக்கும் பயன்படும். புதிய கிளைகள் நீண்டு, அவற்றின் செந்தளிர்கள் பச்சை இலைகளாக முதிர்வது வேர் ஊன்றியதற்கு நல்ல அறிகுறியாகும். உரத்தைச் சிறிதளவில் இடத் தொடங்குவதும், மொட்டுக்களை மலர விடுவதும் அதன் பின்னரே.

மலர் வாடியதும், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலையைத் தேர்ந்து, அதன் சற்று மேலாகக் கத்தரிக்க வேண்டும். தொடர்ந்து பூக்கும் வகையாயின், அவ்விலைக் கக்கத்திலிருந்து எழும் கிளை சுமார் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் மலரும்; கடுங்குளிரில் சற்றுத் தாமதிக்கலாம். முதல் மலர்களைத் துறக்கத் துணிந்தவருக்கே, கோடையைத் தாங்கிப் பல்லாண்டு பூக்கும் செடி வாய்க்கும்.