முதல் எட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்

என் தங்க மருமகனே முருகேசா,

நேற்று ராத்திரி ராஜபாளையத்திலிருந்து நீ போனில் பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவே இல்லை. அவ்வளவு வேகம் உனக்கு. சின்னப் பிள்ளையிலும் சோறு வேகும் முன்னே இலை போட்டு உட்காருவாய். ‘அத்தை, தலையில் காந்தம் வைத்தே அப்பாவைச் சரியாக்கலாமாம், இனி மாத்திரை வேண்டாம்’ என்றாயே, அதுதான் விடியும்வரை என்னைத் தூங்கவிடவில்லை.

மில்லில் அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டின விரல் என் தம்பியுடையது. அது இன்று சட்டைப் பித்தானோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்தால் எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. அதனால் உன் அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிகிச்சை புரளியும் இல்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் கூட இருந்தவர்களும் தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து, காந்தத்தால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. 2 மில்லியாம்பியர் அளவு மின்சாரத்தைத் தலைமேல் பட்டை வைத்துச் செலுத்துவது இன்னொரு வகை. அப்பாவைப் போலப் பார்க்கின்சன் நோய் வந்தவர்களில் சிலருக்கு இவற்றால் நடையும் கை அசைவும் கொஞ்ச காலம் இலகுவாகின்றன. எல்லோருக்கும் அப்படி இல்லை. மூளையில் டோபமைனைச் சுரந்துவந்து இப்போது அழிந்துபோன செல்களை இவை உயிர்ப்பிக்காது.

நம்ம ஆண்டாள் தேரை நினைத்துக்கொள். நிலையிலிருந்து கிளப்பத் தடி போட்டு நெம்பலாம். அதற்காக வடத்தைக் கீழே போட்டால் தேர் நகருமா? அப்பாவுக்கு மாத்திரைதான் வடம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே. காந்தம் வைப்பதென்றால் தலைக்குள் உலோகம், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, எப்போதாவது வலிப்பு வந்ததா என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிடு. எத்தனை தடவை, எவ்வளவு செலவு, எத்தனை நாள் பலன் என்று நிதானமாகக் கேள். கடையில் மெஷின் வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அப்பாவின் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மருந்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டப்பா. மேலே பட்டால் அரித்துத் தள்ளுமே பூனைக்காலி, அதன் விதையிலிருந்து 1937-ல் சென்னை சேப்பாக்கம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இதைப் படித்ததும் விதையை இடித்துக் கொடுக்கக் கிளம்பிவிடாதே. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு தப்பிவிடும்.

இனி நான் சொல்வதெல்லாம் சின்னச் சின்னப் பழக்கம். மாத்திரை நேரத்துக்குப் போனில் அலாரம் வை. நான் கொடுத்தனுப்பும் பால்கோவாவை மாத்திரையோடு ஊட்டாதே. பாலின் புரதமும் அந்த மருந்தும் உடம்புக்குள் போக ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். மாத்திரை முதலில், அரைமணி கழித்து மற்றது. எத்தனை மணிக்குக் கை இளகியது, எப்போது கால் ஒட்டிக்கொண்டது என்று ஒரு நோட்டில் எழுதி வா. எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் டாக்டருக்கு அந்த நோட்டு உதவும்.

வாசற்படியில் அப்பா அப்படியே நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதே, விழுந்துவிடுவான். தரையில் கலர் டேப்பால் கோடு போட்டு, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தாளமாய் எண்ணு. கோட்டைத் தாண்டுவதாக நினைத்தாலே பல நேரம் முதல் எட்டு வந்துவிடும். பேச்சு இழுத்தால் மீதியை நீ முடிக்காதே. பித்தானை அவனே போடட்டும், பத்து நிமிஷம் ஆனாலும் நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. உனக்குக் காத்திருக்கத் தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி பயம் போய்விடும்.

ஆடிப்பூரத் தேருக்கு அவனைக் கூட்டி வா. கூட்டம் சேருமுன் காலையிலேயே வந்துவிடு. மாத்திரை டப்பாவை உன் சட்டைப் பையில் வைத்துக்கொள்.

உன் அத்தை