அருவி நடுவே ஓர் ஊர்

கேள்வி: ஆஸ்திரியா போகும்போது பாட் காஸ்டைனுக்கு இரண்டு நாள் ஒதுக்கலாமா? சிகிச்சைக்குப் போகிறவர்களின் ஊர் என்கிறார்களே!
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். சால்ஸ்பர்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், பழைய மாளிகை விடுதிகளின் நடுவே 341 மீட்டர் அருவி படிப்படியாக இறங்குகிறது. போனதும் பாலத்தில் போய் நில்லுங்கள். முகமெல்லாம் சாரல் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. 1825இல் ஷூபர்ட் இங்கே தங்கி ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். அதைக் கேட்டுவிட்டுப் போனால் ஊர் இன்னும் நெருக்கமாகும்.

சிகிச்சைக்கு வருபவர்கள் தேடும் இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளின் நீர் 46 டிகிரி வரை சுடும். ஆறவைத்துத்தான் குளிக்க விடுகிறார்கள். ஃபெல்சன்தெர்மே பொதுக் குளியலகம் உங்களுக்குப் போதும். நீச்சலுடை மறக்காதீர்கள்.

பக்கத்துப் போக்ஸ்டைனில், தங்கம் தேடிக் குடைந்த சுரங்கத்துக்குள் சிறு ரயிலில் அழைத்துப்போய் ரேடான் சிகிச்சை தருகிறார்கள். அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ரேடான் கதிரியக்க வாயு. வேடிக்கை பார்க்க அங்கே நுழைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தில் கைசர் வில்ஹெல்ம் நடைபாதையில் காலாற நடங்கள். பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்.