எழுத்து வரிசை செய்யும் கூத்து

மரபணு ஆய்வில் புதிதாக இறங்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கணும் சார்?" என்பதுதான். எதுவும் வாங்க வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய 'ஆர்' இலவசம். அதன் மேல் மரபணு ஆய்வுக்கென்றே 2001-இல் தொடங்கிய பயோகண்டக்டரும் இலவசம். செலவாவது நம் நேரம். அதுவும் கணக்குப் போட அல்ல, மாதிரிகளின் அட்டவணையைச் சரிபார்க்க.

சொந்த டேட்டாவைத் தொடும் முன் பயோகண்டக்டரில் இருக்கும் 'ஏர்வே' டேட்டாவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்கு பேரின் மூச்சுக்குழாய்த் தசை செல்கள். ஒவ்வொருவரின் செல்லிலும் டெக்ஸாமெத்தசோன் மருந்து கொடுத்தது ஒன்று, கொடுக்காதது ஒன்று. மொத்தம் எட்டு மாதிரிகள். மருந்து கொடுத்ததற்கு 'டிஆர்டி' (trt), கொடுக்காததற்கு 'அன்டிஆர்டி' (untrt) என்று பெயர். ஆர், ஆங்கில எழுத்து வரிசையில் முன்னால் வருவதை ஒப்பீட்டின் அடிப்படையாக வைத்துக்கொள்ளும். டி முந்தி, யு பிந்தி. ஆக, மருந்து கொடுத்த செல்லே அடிப்படையாகிவிடும். மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் பயோகண்டக்டர் தொகுப்பான டீசெக்2-ஐ அப்படியே ஓட்டினால், மருந்தால் ஏறிய மரபணு இறங்கியதாகக் காட்டும். பிழைச் செய்தி வராது. பி மதிப்பும் மாறாது. கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும், அவ்வளவுதான். 'ரீலெவல்' என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

இப்படிக் குறி மாறியதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எஃப்கேபிபி5 மரபணுவை ஏற்றும் என்பது தெரிந்த விஷயம். அழகான படங்கள் வரையும் முன் முடிவில் அந்த மரபணுவின் வரியைப் பாருங்கள். உங்கள் ஆய்விலும் விடை தெரிந்த மரபணு ஒன்றாவது இருக்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டீசெக்2 கேட்பது சீராக்கப்படாத முழு எண்களை. தசமம் கொடுத்தால் மறுத்துவிடும். உடனே சிலர் ஏற்கெனவே சீராக்கப்பட்ட டிபிஎம் மதிப்புகளை முழு எண்ணாக்கி உள்ளே தள்ளுகிறார்கள். நிரல் ஓடும், விடைக்கு அர்த்தம் இருக்காது. கண்ட்ரோல் மாதிரிகளை ஒருநாளும் மருந்து கொடுத்தவற்றை மறுநாளும் பிரித்தெடுத்த ஆய்வுக்கும் இதே கதிதான்; எந்தப் புள்ளியியலும் அதைக் காப்பாற்றாது.

இருபதாயிரம் மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எதுவுமே மாறாதபோதும் சுமார் ஆயிரம் தேறிவிடும். அதனால் திருத்திய பி மதிப்பை மட்டும் பாருங்கள்.

முடிவுகளை எக்செலில் திறக்காதீர்கள். 'செப்ட்1' என்ற மரபணுவை அது செப்டம்பர் முதல் தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் மரபணுவின் பெயரையே 'செப்டின்1' என்று மாற்றினார்கள். எக்செலுக்காக மனித மரபணு பெயர் மாற்றிக்கொண்டது! பழைய கோப்புகளில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது.

பயோகண்டக்டர் ஆண்டுக்கு இருமுறை புதுப் பதிப்பு வெளியிடும்; ஒவ்வொன்றும் ஆரின் குறிப்பிட்ட பதிப்போடுதான் பொருந்தும். ஆய்வேட்டின் நடுவில் அப்டேட் செய்யாதீர்கள். 'செஷன்இன்ஃபோ' தரும் பதிப்புகளின் பட்டியலை முடிவுகளோடு அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பல மாதம் கழித்து மதிப்பீட்டாளர் ஒரு படத்தைத் திருத்தி வரையச் சொன்னால், எந்தப் பதிப்பை நிறுவுவது என்று அலைய வேண்டியிருக்காது.